தேவி அக்காவின் காரும் நான் சொன்ன பொய்யும்

பாசமுள்ள தேவி அக்கா,

நாம் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. நீங்கள் தவறிப்போய் மூன்று வருடம் கழித்து, உங்கள் கணவரைக் கல்யாணம் செய்துகொண்டு சிங்கப்பூரில் இந்தப் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்தவள் நான். கட்டில் மாறிவிட்டது, திரைச்சீலை மாறிவிட்டது. நீங்கள் வாங்கிய கார் மட்டும் அப்படியே இருக்கிறது. அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தானாமே? அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கிற சிரிப்பை, எனக்காக ஒருநாளும் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் வழியில் என்ஜின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினோம். பானெட் இடுக்கில் ஆவி. அவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போக, நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சூட்டோட தொறந்தா மூஞ்சி வெந்துடும்ங்க!"

"தேவி இருந்தா வண்டிய இப்படி விட்டிருக்க மாட்டா" என்றார்.

துவாஸ் கப்பல் பட்டறையில் தினமும் பம்பும் குழாயும் பார்க்கிறவளிடம் அதைச் சொன்னார், அக்கா. தண்ணீர் ஊற்றி, இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். மறுநாளும் அது காய்ந்தே கிடந்தது. அப்படியென்றால் என்ஜின் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறும்போதுதான் ஒழுகுகிறது. பட்டறையில் அழுத்தம் சோதிக்கும் பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்கி வந்து, ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் காற்றடித்தேன். அதன் முள் ஏறியது, பிறகு மெல்ல இறங்கியது. டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தால், ரேடியேட்டரின் கீழ் ரப்பர் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் வெடித்து, வெளிர்பச்சையாகக் கூலண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹோஸை மாற்றினால் போதும்.

மேலே வீட்டுக்குப் போனதும் அவர் கேட்டார். "என்ஜின் போயிடுச்சா? நீ சொன்னா ஸ்கிராப் பண்ணிடலாம்."

"என்ஜினுக்குள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்னு நெனைக்கிறேன். இவ்ளோ பழைய வண்டிக்கு அத மாத்துறதெல்லாம் வேஸ்ட் லா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவர் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை என்று தேடிப் போனேன். உங்கள் குடையையும் கறுப்புக் கண்ணாடியையும் பையில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். குளிப்பாட்டுவது போலத் துடைத்தார், அக்கா. எனக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, நான் பொய் சொல்லிட்டேன். ஹோஸ்தான் வெடிச்சிருக்கு."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "உனக்கு இந்தக் காரைப் புடிக்கல, இல்ல?"

"புடிக்கல."

"சொல்லியிருக்கலாம்ல, சுமதி."

சொல்லியிருக்கலாம்தான். இறந்துபோனவர் மேல் பொறாமை என்று யாரிடம், எந்த வாயால் சொல்வது?

மறுநாள் நான் புது ஹோஸ் மாட்டினேன், அவர் டார்ச் பிடித்தார். ஆறிய என்ஜினில் கூலண்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே ஓடவிட்டு, உள்ளிருந்த காற்றுக் குமிழெல்லாம் வெளியேறும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை நாளில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். இருந்தாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காரை ஓட்ட அரசு கொடுத்த பர்மிட் காலம் முடியும்வரை வாராவாரம் கூலண்ட் அளவை நானே பார்ப்பேன். காரை ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட வேண்டிய நாள் வந்தால், உள்ளதை உள்ளபடி சொல்வேன். அன்று அவர் அழுதால், யாருக்காக என்று கேட்காமல் பக்கத்தில் நிற்பேன்.

உங்களுக்குப் பின் அந்த வீட்டுக்கு வந்த தங்கை,
சுமதி