கடைச் சாப்பாடு இல்லை என்ற தீவு

இன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் பேக்கரியிலிருந்து வந்த பாண் பெட்டிகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சூடு ஆறாத பாணின் வாசனை கடற்காற்றையும் மீறி வந்தது. பக்கத்தில் நின்றவர் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. மனதுக்குள் உம்மோடு பேசிக்கொண்டு நின்றேன்.

அறுபதுகளின் கடைசியில் இதே துறையில்தான் நாங்கள் இருவரும் வள்ளம் ஏறினோம். நீர் ஊர்காவற்றுறைக் கடற்றொழில் வீட்டுப் பெண்; நான் சரவணையில் வயல் செய்த கமக்காரர் மகள். தீவுகளில் சலரோகம் என்கிற நீரிழிவும் இரத்த அழுத்தமும் கூடுகின்றனவோ என்று எங்கள் டொக்டருக்குச் சந்தேகம். பாண், பிஸ்கற், தகரத்தில் அடைத்த ரின்மீன், ரின்பால், சோடா என்று கடையிலிருந்து ஆயத்தமாக வருவதைப் பெரியவர்கள் எவ்வளவு உண்கிறார்கள் என வீடுவீடாகக் கேட்டு எழுதும் தற்காலிக வேலையை எங்களுக்குத் தந்திருந்தார்.

வேலணையையும் புங்குடுதீவையும் முடித்துவிட்டு நயினாதீவுக்கு வந்திருந்தோம். கடைச் சாப்பாடு கிழமைக்கு எத்தனை தரம் என்பது முதற் கேள்வி. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே பதில்: இல்லை. தாள்கள் வேகமாக நிரம்பியதில் எனக்கு மகிழ்ச்சி. உமக்கு இல்லை. அப்படியானால் கடைகளில் இறங்குகிற பிஸ்கற்றை எல்லாம் யார் தின்கிறார்கள் என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தீர்.

அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு. அந்த வீட்டு அக்காவும் இல்லை என்றுதான் சொன்னார். நீர் பேனையை மூடினீர்.

"அக்கா, நேற்று விடிய எழும்பினதிலையிருந்து படுக்கும்வரைக்கும் வாயிலை போட்டதெல்லாத்தையும் சொல்லுங்கோ."

அவர் சிரித்தபடி சொன்னார். விடியப் பாணும் மாஜரினும். பிறகு தேத்தண்ணியோடு பிஸ்கற். காற்றுக்கு வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை, அதனால் மத்தியானம் ரின்மீன் குழம்பு. இரவுக்கு மிச்சப் பாண்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப ஏன் அக்கா கடைச் சாப்பாடு இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "நான் ஏன் பிள்ளை கடையிலை போய்ச் சாப்பிடுறன்? எங்கடை குசினியிலை அடுப்பு எரியுதெல்லோ."

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். அவருக்குச் சாப்பாடு என்றால் சோறும் கறியும். கடைச் சாப்பாடு என்றால் சாப்பாட்டுக் கடையில் போயிருந்து உண்பது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் முடித்துவைத்திருந்த இரண்டு தீவுகளின் கணக்கும் பிழை.

திரும்பும் வள்ளத்தில் வாதாடினோம். இனிப் போகிற வீடுகளில் சரியாகக் கேட்போம், பழையதைக் கிளற வேண்டாம், வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்கள் என்றேன்.

"நிப்பாட்டட்டும்," என்றீர். "பிழையான கணக்கைக் குடுத்திட்டு நான் எப்பிடி அந்தச் சனத்தின்ரை முகத்திலை முழிக்கிறது?"

டொக்டர் முழுவதையும் கேட்டார். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை வீட்டுக்கும் மறுபடி யார் நடப்பது என்றார். நாங்கள்தான் என்றீர், என்னை ஒரு சொல் கேளாமல். நானும் தலையாட்டினேன். நேற்று முழுக்க வாயில் போட்டதைக் கேட்கும்படி அவர் கேள்வியை மாற்றித் தந்தார்.

அந்த வெயிலையும் மணலையும் கால்கள் இன்னும் மறக்கவில்லை. திரும்பவும் வந்துவிட்டீர்களோ என்று வீட்டுக்கு வீடு பகிடி பண்ணினார்கள். வேலணையில் ஒரு வயதாளி தேத்தண்ணியும் பிஸ்கற்றும் தந்து, நீங்கள் தின்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நீர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினீர். முடித்து வைத்தபோது முன்னைய கணக்குக்கும் இதற்கும் ஒரு பொருத்தமும் இருக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த டொக்டர், எங்களை அடுத்த வேலைக்கும் வைத்துக்கொண்டார்.

போன வருடம் நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாப்பிட்டாயிற்றா என்று தாதி கேட்க, ஓம் என்றீர். நான் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, விடிந்ததிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தேத்தண்ணியில் தோய்த்த அரைப் பிஸ்கற், அவ்வளவுதான்.

"இப்ப உமக்கு வடிவாக் கேக்கத் தெரியும்," என்றீர். நான் கொண்டுபோன கஞ்சியில் பாதியைக் குடித்தீர். அதற்குப் பிறகு அதிக நாள் நீர் இருக்கவில்லை.

புதியவர்களுக்குக் கேட்கப் பழக்க இந்த வயதிலும் என்னைக் கூப்பிடுகிறார்கள்; இன்று என்னோடு வள்ளத்தில் வந்தவள் இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். நயினாதீவுக் கரை தெரியத் தொடங்கியதும், இந்தச் சனம் எங்களுக்கு உண்மையைச் சொல்லுமா என்று கேட்டாள்.

"ஓம், சொல்லுவினம். நாங்கள்தான் வடிவாக் கேக்கவேணும்," என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.