சாம்பல் வண்டியும் கறுப்பு வண்டியும்

விடைத்தாள்கள் பறக்காமலிருக்க மேசையில் ஒரு பிளக் வைத்திருக்கிறேன். கார் இஞ்சினிலிருந்து கழற்றியது. விரல் நீளம். முனை முழுக்கக் கரி. இன்று காலை ஆற்றுக் காற்று அதிகம். ஒரு கட்டின் மேலிருந்து இன்னொரு கட்டின் மேல் அதை மாற்றி வைத்தபோது விரலில் கறுப்பு ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். நான்கு வருடத்தில் பெட்ரோல் வாசனை போயிருக்க வேண்டும். போகவில்லை.

மாமா, அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மகன் தாணு நேற்று வந்தான். எல்லை மாறி, கரமனையில் இருக்கும் நமக்கு நாகர்கோவில் வேறு மாநிலமாகிவிட்டது. உங்கள் அரிசி மண்டியில் பாதியை அங்கே கொண்டுபோகிறானாம். உங்கள் சாம்பல் நிறக் காரை விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டும், டிரைவர் போட வேண்டும் என்கிறான்.

"அத்தான், அன்னைக்கே இது வேண்டாம்னு எழுதிக் குடுத்த ஆளு நீங்க. அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க."

அக்கா என்றது உங்கள் மகளை, என் மனைவி பகவதியை. வண்டியை அவள் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் கண்மூடினீர்கள். அவள் கையெழுத்தில்லாமல் அது யாருக்கும் போகாது. நாளை ஞாயிறு. காகிதத்தோடு வருவான்.

நான் எழுதிக் கொடுத்தது உண்மை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பொன்முடியில் ஒருவர் தன் காரை விற்க வைத்திருந்தார். சாம்பல் நிறம். இரண்டே கதவு. நீண்ட மூக்கு, தோல் இருக்கை. பின்னால் இருவர் ஒடுங்கி உட்காரலாம். அதே வாரத்தில் கொல்லத்து முந்திரி வியாபாரி ஒருவரின் அமெரிக்கக் காரும் விலைக்கு வந்தது. கறுப்பு. ஒரு சின்ன வீட்டின் அகலம்.

சாலைத் தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவர் வாழ்நாளில் ஒரு கார் வாங்குவார். இரண்டாவது வாங்க மாட்டார். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. தாணுவுக்குக் கறுப்புதான்.

"அப்பா பின்னால உக்காரணும். ஸ்டியரிங்க பிடிச்சிட்டு முன்னால உக்காந்தா டிரைவர்னுல்லா நினைப்பான்."

"நினைச்சா நினைக்கட்டும்டே. வழி விடுவாம்லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் இரண்டையும் பார்த்து எழுதித் தரும்படி என்னிடம் சொன்னீர்கள். கல்லூரியில் பாடம் சொல்கிறவன் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்கும் என்று நினைத்தீர்கள் போலும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றும் தெரியாது. படிக்கத் தெரியும். நூலகத்தில் பழைய ஆங்கில மோட்டார் சஞ்சிகைகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. எட்டு மாலை உட்கார்ந்தேன்.

இரண்டையும் மலை ஏற்றிப் பார்த்தோம். அடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு. கறுப்பு வண்டியைக் கொல்லத்து டிரைவர் ஓட்டினார். வளைவுகளில் வண்டி திரும்பியதை நாம் உணரவில்லை. கண்ணாடிக்கு வெளியே மலைதான் நகர்ந்தது. பத்தாவது வளைவில் நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அதை நற்சான்றாகக் குறித்துக்கொண்டேன்.

சாம்பல் வண்டிக்கு முறை வந்தபோது தோட்டக்காரர் சாவியை உங்கள் கையில் போட்டுவிட்டு ஆற்றோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். யுத்த காலத்தில் மண்டி லாரியில் ஓட்டப் பழகியவர் நீங்கள். நான் பக்கத்தில். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் கியரை இறக்கினீர்கள். இஞ்சின் குரல் ஏறியது. வளைவு முடிந்து வண்டி நிமிரும்போது நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் செய்தீர்கள். உங்களுக்கே தெரியாமல். வீட்டிலோ மண்டியிலோ உங்களிடம் அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அதை நான் எழுதவில்லை. கறுப்பு வண்டியின் இஞ்சின் சோம்பேறி, ஆகவே நீண்ட ஆயுள். சாம்பல் வண்டிக்குக் கார்புரேட்டர் இரண்டு, ஆகவே தொல்லை இரண்டு. உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும். இப்படி இரண்டு பக்கம். தீர்ப்பு: கறுப்பு.

கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தீர்கள்.

"எழுத்து நல்லாருக்கு, மாப்பிள்ளே. ஓட்டும்போது எப்படி இருக்கும்னு இதுல எங்க இருக்கு?"

"அதை எழுத வகையில்லை, மாமா."

"எழுத வகையில்லேன்னா இல்லேன்னு ஆயிருமா?"

மறுவாரம் சாம்பல் வண்டி கரமனை வீட்டுக்கு வந்தது.

பிறகு நடந்ததற்கு நாம் எல்லோரும் பொறுப்பு. வாழ்நாளில் ஒரே வண்டி; அது கெட்டுவிடக் கூடாது. மாட்டு வண்டிகளின் பின்னால் அதே வேகத்தில் உருட்டினீர்கள். வீட்டிலிருந்து பழவங்காடிப் பிள்ளையார், அங்கிருந்து மண்டி. ஒன்றரை மைல். மாலை அதே ஒன்றரை மைல். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போதும் இஞ்சினை அணைக்க மாட்டீர்கள். நடுத்தெருவில் மறுபடி கிளம்பாவிட்டால்?

இரண்டாவது மாதமே இருமல் தொடங்கியது. பிறகு நடுக்கம். பிறகு நின்றுபோவது. சாலைத் தெருவில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் காலையில் உங்களைக் கண்டதும் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். "முதலாளீ, இன்னைக்கும் தள்ளணுமல்லே?" நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதை நன்றாகத் தெரியும்படி செய்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் பகவதிக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கரமனைப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். திருப்பிக்கொண்டே இருந்தீர்கள். பின்னால் வண்டிகள் தேங்கின. பகவதி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் கத்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நீங்கள் இறங்கி, நமக்குப் பின்னால் நின்ற வைக்கோல் வண்டியிடம் போனீர்கள். வண்டிக்காரர் நாஞ்சில் நாட்டுக்காரர்.

"அண்ணாச்சி, இந்த மாடு வேற ஆளுக்கு நடக்காது."

"நடக்கும். நீரு எறங்கும்வே."

அவளை வைக்கோல் மேல் படுக்க வைத்தோம். மேலே குடை பிடித்தேன். நனைந்த மல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நுகத்தடிக்குப் பின்னால் உட்கார்ந்தீர்கள். கயிற்றை இரண்டு கையிலும் பிரித்துப் பிடித்தீர்கள். நாக்கை அண்ணத்தில் தட்டினீர்கள்.

பொன்முடியில் கேட்ட அதே சத்தம்.

மாடுகள் ஓடின. மழைக்குள் உங்கள் பக்கவாட்டு முகம் தெரிந்தது. கவலை இருந்தது. கவலைக்கு அடியில் அந்த முகமும் இருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எட்டு மாலை படித்து எழுதிய தாளில் இந்த மனிதர் இல்லவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்தில் பெண் பிறந்தது. இருவரும் நலம். வராந்தாவில் தாணு பொரிந்தான். "வண்டியா அது? அக்காவுக்கு என்னமாவது ஆயிருந்தா?" நீங்கள் அவனை விட்டுத் திரும்பினீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"மாப்பிள்ளே, நீங்க எழுதினதுதான் சரி."

ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து வண்டியைப் போர்த்தினீர்கள். மண்டிக்கு நடந்து போனீர்கள். இரண்டு மாதம். சுமட்டுக்காரர்கள் இப்போது கேலி செய்யவில்லை. நீங்கள் கறுப்பு வண்டியைப் பற்றி விசாரித்தீர்கள். அதை நம் ஊர் டாக்டர் ஒருவர் வாங்கிவிட்டிருந்தார். "அதுபோல ஒண்ணு பாருங்க, மாப்பிள்ளே. பின்னால உக்காந்துக்கிடுதேன்" என்றீர்கள். இப்படித் தோற்றவரோடு ஒரே வீட்டில் சாப்பிடுவது கஷ்டம்.

விற்பதற்கு முன்னால் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கிள்ளிப்பாலத்தில் கார் பட்டறை வைத்திருந்த வாசு மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் ஆறு பிளக்கையும் கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். ஆறும் அடுக்களைச் சுவர் போலக் கரி.

"சாரே, இவன் எவ்விடம் வரைக்கும் போவான்?"

"சாலைத் தெரு வரை."

"பின்னே?"

"திரும்பி வரும்."

"பின்னே?"

பின்னே ஒன்றுமில்லை. அவர் சிரித்தார்.

"குதிரையைக் கொண்டுவந்து மாட்டுத் தொழுவத்தில கெட்டியாச்சு. இவன் நல்லா சூடாகணும். சூடானாத்தான் கரி எரிஞ்சு போகும். கோயில் நடையில இஞ்சின் நிறுத்துவாரோ முதலாளி?"

"இல்லை. நிறுத்தினால் கிளம்பாதே என்று..."

"அதுதான் சாரே. அதுதான் இவன் சூக்கேடு, வியாதி."

நின்றுவிடுமோ என்று அணைக்காமல் வைத்தோம். அதனாலேயே நின்றது. கெட்டுவிடுமோ என்று மெல்ல ஓட்டினோம். அதனாலேயே கெட்டது. பொன்முடியில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கரமனையில் ஓட்டினோம். என் தாளிலும் அதே பிழை. வண்டியைப் பரிசோதித்தேன். அது தினமும் போகப்போகிற வழியைப் பரிசோதிக்கவில்லை.

ஒரு பிளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மீதி ஐந்தையும் அவர் துடைத்து, ஒன்று புதிதாகச் சேர்த்து மாட்டினார்.

அன்று சாயங்காலம் உங்களிடம் வந்தேன். "மாமா, ஞாயிற்றுக்கிழமை கல்லாறு வரை போய் வரலாமா?"

"என்னத்துக்கு? விக்கதுக்கா?"

"ஓட்டுறதுக்கு."

"அப்போ நீங்க எழுதின கடலாசு?"

"அதில் ஒரு வரி விட்டுப்போச்சு."

ஞாயிறன்று வண்டி பேரூர்க்கடை வரை இருமியது. நெடுமங்காட்டில் குறைந்தது. அதற்கப்புறம் சாலை ஆளில்லாமல் நீண்டபோது நீங்கள் காலை அழுத்தினீர்கள். வண்டிக்குத் தொண்டை திறந்தது. கல்லாற்றுச் சாயாக் கடையில் சாயா ஆறும் வரை காத்திருந்து ஒரு பிளக்கைக் கழற்றினோம். கரி போய், முனை பிஸ்கட் நிறமாக இருந்தது. "இனிமே பிளக் ஒங்க டிபார்ட்மெண்டு" என்றீர்கள்.

அங்கே வைத்துத்தான் சொன்னீர்கள். உங்கள் அப்பா நாகர்கோவிலிலிருந்து சாலைத் தெருவுக்கு அரிசி ஏற்றிய வண்டிக்காரர். உங்கள் முதல் தொழிலும் அதுவே. தாணுவுக்கு இது தெரியும். பிறர் அறிவதில் அவனுக்கு விருப்பமில்லை.

"பின்னால மூட்டைதான் இருக்கும், மாப்பிள்ளே. மனுசன் முன்னால இருக்கணும்."

பிறகு எல்லா ஞாயிறும். உங்கள் முழங்கால் கிளட்ச்சை அதிக நேரம் மிதிக்க மறுத்த கடைசி வருடத்தில் நீங்கள் இடப்பக்கத்துக்கு வந்தீர்கள். பகவதி ஸ்டியரிங் பிடிக்க வலப்பக்கம் போனாள். சேலையைச் செருகிக்கொண்டு, நெடுமங்காட்டுக்கு அப்பால் மட்டும். நான் குழந்தையோடு பின்னால். மூட்டை.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சாம்பல் வண்டி அதற்கப்புறமும் தொல்லை கொடுத்தது. ஒரு கேஸ்கெட் பம்பாயிலிருந்து வர நான்கு மாதம். டாக்டரின் கறுப்பு வண்டியை நான் பட்டறையில் பார்த்ததே இல்லை. நல்ல வண்டி. என் தாளில் எழுதியவை பொய்யல்ல. ஆனால் இன்று யாராவது வந்து, ஓட்டச் சுகமான காரா, உழைக்கிற காரா, எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால் எட்டு மாலை தேவைப்படாது. கறுப்பு வண்டி நீங்கள் மறந்தாலும் ஓடும். சாம்பல் வண்டி மறந்தால் ஓடாது. எதை உங்களால் மறக்க முடியாதோ அதை வாங்குங்கள் என்பேன்.

நீங்கள் போய் ஆறு மாதம். ஆறு மாதமாக வண்டி போர்வைக்குள் இருக்கிறது. நாம் மறந்துவிட்டோமா? தாணுவின் கேள்வியும் அதுதான், வேறு வார்த்தையில்.

இங்கே நிறுத்தி எழுந்து போனேன். மீதியை ஞாயிறு மாலை எழுதுகிறேன்.

தாணு காலையில் காகிதத்தோடு வந்தான். என்ன சொல்ல வேண்டும் என்று இரவே நான் வாக்கியங்கள் அமைத்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. பகவதி காகிதத்தை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். சாக்கை உருவினாள். பாட்டரியை முந்தாநாளே வாசு மேஸ்திரியிடம் கொடுத்துச் சார்ஜ் ஏற்றி வாங்கியிருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

வண்டி இருமியது. நின்றது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது.

"அக்கா, எங்க போற?"

"கல்லாறு. வாறியா? பின்னால எடமிருக்கு."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தாணு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறினான். உங்கள் பேத்தி அவன் மடியில். நான் முன்னால், இடப்பக்கம், உங்கள் இடத்தில். பாலத்தின் நடுவை நிற்காமல் கடந்தோம். கடந்ததும் பகவதி கியரை மாற்றினாள். நாக்கை அண்ணத்தில் தட்டினாள். அவளுக்கே தெரியாமல்.

பின்னாலிருந்து தாணு மெல்லக் கேட்டான். "அத்தான், அந்தச் சத்தம்..."

"ஆமாம்" என்றேன்.

கல்லாற்றில் சாயா ஆறும் வரை காத்திருந்து ஒரு பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம். தாணு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் மனம் மாறிவிடவில்லை. "நான் பெரிய வண்டி ஒண்ணு பாத்துக்கிடுதேன் அத்தான். நாரோயிலுக்குத் தெனமும் இதுல போக முடியாது" என்றான். அதுவும் சரிதான். அவன் வழி அது. "இது இங்கயே கெடக்கட்டும்" என்றான் பிறகு.

கிடக்காது என்றாள் பகவதி. ஓடும்.

கையோடு கொண்டுவந்திருந்த புது பிளக்கை மாட்டிவிட்டு, பழையதைத் பகவதி கையெழுத்திடாத தாணுவின் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டேன். கரமனை வந்து சேரும் வரை நெஞ்சில் சூடு இருந்தது.