மருந்து ஊற்றாத கொட்டகை

என் செல்ல அம்மாவுக்கு,

அங்கேயும் வெயில் உண்டா? பல்லடத்தில் இந்தச் சித்திரை தாங்கவில்லை. கோழிகள் வாயைப் பிளந்து நின்றன. முட்டை ஓடு மெலிந்து, எடுக்கும்போதே கைக்குள் நொறுங்கியது. அப்பா கடையில் கேட்டு ஒரு சிவப்பு டானிக் வாங்கி வந்தார்.

வெயில் தணிந்தால் தானாகவே சரியாகும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? இரண்டு கொட்டகையிலும் ஒரே வயதுக் கோழிகள், ஒரே தீவனம். ஒன்றுக்கு மட்டும் டானிக் ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். அப்பா முன்னால் எனக்கு வாயே வராது, உனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, பாதிக் கோழியக் கொல்றதுக்குத்தான் காலேஜுக்குப் போனீங்களா?" என்று சிரித்தார் அப்பா. ஆனாலும் சம்மதித்தார்.

பிறகு மழை வந்தது. இரண்டு கொட்டகையிலும் ஓடு கெட்டிப்பட்டது. டானிக் வீண் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் மருந்தில்லாத கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியில் சிவப்புக் கறையைப் பார்த்தேன்.

"இதுலயும் ஊத்துனீங்களாப்பா?"

"மனசு கேக்கல கண்ணு. என்னையவே பாத்துட்டு நிக்குது. ஊத்திப்போட்டேன். உங்கம்மாளுக்கு எதையாச்சும் வேண்டாம்னு உட்டமா?"

விடவில்லைதான். ஆஸ்பத்திரி மாத்திரை, கீழாநெல்லிச் சாறு, அப்பா எங்கோ அலைந்து வாங்கி வந்த பொடி, எல்லாம் ஒன்றாகவே கொடுத்தோம். நீ எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்ட அன்று, அவரவர் தாங்கள் கொடுத்த மருந்துதான் வேலை செய்தது என்றார்கள். அடுத்த வாரம் நீ இல்லை. எது உன்னை எழுப்பியது? எது சாய்த்தது? இரண்டு அம்மா இருந்தால் அல்லவா ஒருத்திக்குக் கொடுத்து, ஒருத்திக்குக் கொடுக்காமல் பார்க்க முடியும்?

களைப்பாக இருக்கிறது அம்மா. முட்டை தேறியது மழையாலா, மருந்தாலா என்பதும் இனித் தெரியாது. அடுத்த கோடையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "அப்ப நீயே தண்ணி ஊத்திக்க, நான் அந்தப் பக்கமே வரல" என்றிருக்கிறார் அப்பா.

கோழிக்குக் கோடை திரும்பி வரும். அப்பா கேட்கும் கேள்வியைத்தான் மறுபடி சோதித்துப் பார்க்க வழியில்லை. சாப்பிடும்போது திடீரென்று நிமிர்ந்து, "அந்தப் பொடிதான் கெடுத்துப்போட்டுதா கண்ணு?" என்கிறார்.

"தெரியலீங்கப்பா" என்பேன். அவர் மனம் ஆற வேண்டும் என்பதற்காக, "இல்லை" என்று சொல்ல மாட்டேன். ஆமாம் என்று வேறு யாரும் அவரிடம் சொல்ல விடவும் மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்
உன் மூத்த மகள்