உன் மகள் சொன்னதை உனக்குச் சொல்கிறேன்

என் அன்புச் சபிஹா,

உனக்கு வாசிக்கத் தெரியாத தமிழில் எழுதுகிறேன். உன் அண்ணன் கமாலுக்கும் தெரியாது, அது எனக்கு வசதி. லண்டன் டூட்டிங் முதியோர் இல்லத்தில் நாம் இருவரும் கிழவிகளைக் குளிப்பாட்டிய காலத்தில் உன் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் நொண்டிக்கொண்டுதான் நடந்தன. ஆகவே நீ பேசியதையும் என் யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதுகிறேன். "ஓம் அக்கா" என்பதை மட்டும் நீ உண்மையாகவே தமிழில் சொல்வாய்.

உன் மகள் லெய்லா இப்போது இங்கேதான் இருக்கிறாள். அகதியாக வந்த கமால் அவளையும் கூட்டிவந்து, கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறான். அவளுக்குப் பதினாறு வயது. கோபம் வந்தால் உன்னைப் போலவே மூக்குச் சிவக்கும். நீ செத்து மூன்று வருடமாகிறது. உன்னைப் பற்றி அவள் வாயே திறப்பதில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அல்ஜீரியாவில் புருஷன் உன்னைத் தள்ளிவைத்தான். வீடு அவனுக்கு, பிள்ளை உனக்கு, சட்டம் அப்படி என்றாய். தாடிக்காரர்கள் எழுதிய சட்டமாக்கும் என்று நினைத்தேன். "இல்லை அக்கா, டை கட்டினவங்கள்" என்று சிரித்தாய். பிள்ளையை உன் தாயிடம் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து, மற்றவர்களின் தாய்மாரைத் தூக்கி இருத்தினாய்.

பிறகு உங்கள் நாட்டில் ஒரே கட்சியின் ஆட்சி முடிந்தது. யாரும் தேர்தலில் நிற்கலாம் என்றானது. அரசாங்கம் எட்டிப் பார்க்காத உங்கள் தெருவுக்கு இஸ்லாமியக் கட்சிப் பொடியன்கள் வந்தார்கள். நோன்பு மாதத்தில் வாளி வாளியாகச் சூப் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், உன் அம்மாவின் நீரிழிவுக்கு இனாமாக மருந்து. "அவங்கள் இல்லாட்டி அம்மா செத்திருப்பா" என்றாய். உண்மைதான், இன்றும் மறுக்கமாட்டேன். உனக்கு நன்றி மறக்கத் தெரியாது. அந்த நன்றிதான் உன்னைக் கொன்றது என்று ஆத்திரத்தில் சில நாள் சட்டியோடு பேசுவேன்.

முதல் தேர்தல் வந்தது. வீட்டு ஆண் வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து வாக்குப் போடலாம் என்று அங்கே சட்டம். கமால் தனக்கொன்று, அம்மாவுக்கொன்று, உனக்கொன்று என எல்லாவற்றையும் அந்தக் கட்சிக்கே போட்டுவிட்டு, டெலிபோனில் உன்னிடம் பெருமையடித்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"உங்கட கவுன்சில் தேர்தலுக்கு நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள் அக்கா?"

"இவர் சொன்ன ஆளுக்கு."

"அப்ப எங்கட அண்ணன் பரவாயில்லை. என்னை மழையில நடக்க வைக்கேல்லை."

கட்சி நகரசபையைப் பிடித்தது. இனாம் மருந்தகம் திறந்து, பெண்களைப் பார்க்கத் தாதி வேண்டும் என்றார்கள். நீ தாதிப் படிப்புப் படித்தவள். லெய்லாவோடு இருக்கலாம் என்று ஊருக்கே திரும்பிப் போனாய். சில மாதத்தில், கிழவர்களைத் தொட்டுப் பார்க்காதே என்றார்கள். பிறகு, ஆம்பிளைகளுக்கே வேலை இல்லை, நீ வீட்டில் இரு என்றார்கள். உன் வீட்டில் உழைத்த ஒரே ஆள் நீ. அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அடுத்த தேர்தலிலும் அவர்கள்தான் வெல்வார்கள் என்று தெரிந்ததும் இராணுவம் தேர்தலையே நிறுத்தியது. மருந்தகத்துக்குப் பூட்டு. மருந்து நின்று உன் அம்மா செத்துப்போனார். இங்கே என் மனுசன் பேப்பரைப் பார்த்துவிட்டு, "நல்ல காலம், பொம்பிளையளைக் காப்பாத்திப்போட்டாங்கள்" என்றார். உன் அம்மாவின் பிணத்தை அவர் மடியில் கிடத்தியிருக்க வேண்டும்.

பொடியன்கள் மலைக்குப் போய்த் துவக்குத் தூக்கி, இராணுவத்தைச் சுட்டார்கள். நீ பிள்ளையின் வயிற்றுக்காக அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் துரோகி என்று உன் வீட்டுச் சுவரில் எழுதினார்கள். அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரிலும் இயக்கப் பொடியன்கள் அதை அட்டையில் எழுதி, பிணத்தின் கழுத்தில் மாட்டி, லைட் போஸ்ட்டில் கட்டினார்கள். எங்களுக்குச் சாப்பாட்டுப் பொதி தந்த கைகள்தான் அதையும் எழுதின.

உன்னை உன் வீட்டிலேயே கொன்றார்கள். கமால் அன்று ஊரில் இல்லை. லெய்லா உள்ளறையில் நித்திரை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் நினைப்பு. ஆமிக்காரன்தான் கொன்றான் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறான். யார் கொன்றார்கள் என்பதை உன்னோடு வேலை செய்த தாதி எனக்கு டெலிபோனில் சொல்லியிருந்தாள். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் லெய்லா ஒரு மண்டபத்தில் ஏழைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறாள். அவள் கையில் அதே மாதிரிச் சூப் வாளியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சொல்லிப்போடாதேங்கோ அக்கா, அவள் தாங்கமாட்டாள்" என்று கமால் கெஞ்சினான். "எங்களுக்கேன் ஊர்வம்பு" என்றார் இவர். நான் கேட்கவில்லை. போன கிழமை அவள் எங்கள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். உன்னைக் கொன்றது ஆமி இல்லை, சூப் கொண்டுவந்த அதே பொடியன்கள் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் உடைந்து அழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன் சபிஹா.

அவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் அன்ரி. நான்தான் கதவைத் திறந்துவிட்டனான்."

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"தெரிஞ்ச குரல். நோன்பு மாசம். திரும்பவும் சாப்பாடு கொண்டு வந்திருக்கினம் எண்டு நினைச்சன். 'அம்மா, கோப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ' எண்டு நான்தான் கூப்பிட்டனான்." வெட்டிய வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். "மாமாவுக்குச் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியாது எண்டுதான் அவர் நிம்மதியா இருக்கிறார்."

இனி அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். அவள் யாருக்கு வேண்டுமானாலும் பரிமாறட்டும். எங்கள் வீட்டு மணி அடிக்கும்போதெல்லாம் அவள் அசையாமல் நிற்பதைக் கண்டு, சோம்பல் என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். இனி மணி அடித்தால் நான்தான் எழும்புவேன். அடுப்பில் எது தீய்ந்தாலும் தீயட்டும், உன் பிள்ளையைக் கதவடிக்கு அனுப்பமாட்டேன்.

வேறொரு தாய் பெற்ற உன் அக்கா,
ராஜி