பதினான்காம் இலக்கத்தின் நான்கு பேர்

இன்று காலை பேத்தியின் படத்தைக் கணினியில் சேமிக்க ஒரு பெயர் கொடுத்தேன். பெயரில் கேள்விக்குறி இருந்ததாம். ஏற்க மாட்டேன் என்றது. அதை அழிக்கப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது, நானா. உடன்பிறவா அண்ணனாய் இருந்த நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் இத்தனை வருடமாகியும் எனக்கு இந்தப் பயம் போகவில்லை.

ஓர்ஸ் ஹில்லில் நாம் இருவரும் வேலை பார்த்த மீன்பிடிச் சங்க அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தபோது நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் அப்படியொன்றை யார் கண்டார்? ஒவ்வொரு படகுக்கும் கணினியில் ஒரு கோப்பு, அதில் கடலுக்குப் போகும் ஆட்களின் பெயரும் வீடும். அதுவரை நீங்கள் கையால் எழுதிவந்த பதிவுக் கொப்பியில் இயந்திரப் படகுக்கும் துடுப்பு வலிக்கும் வள்ளத்துக்கும் தனித்தனி வரிசை. படகென்றால் இலக்கத்தின் பின் சாய்கோடு, வள்ளமென்றால் நட்சத்திரக் குறி: 14/, 14*. கோப்புப் பெயரில் இரண்டையுமே கணினி ஏற்கவில்லை. குப்பை என்று எல்லாவற்றையும் துடைத்தெறிந்தேன். இரண்டும் வெறும் 14 ஆகின. பிந்திப் பதிந்த வள்ளம் முந்திப் பதிந்த படகை அழித்துவிட்டது. எனக்கு அது தெரியவே தெரியாது. இனிக் கணினி இருக்கிறதென்று கொப்பியும் கொழும்பு அலுவலகத்துக்குப் போய்விட்டது.

வாடைக்காற்று அடித்த ஒரு காலை, உப்புவெளியின் 14ஆம் இலக்க இயந்திரப் படகு கரை திரும்பவில்லை. வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் நான்கு பெயரை எடுத்தெழுதிப் பெருமையாக நீட்டினேன். சைக்கிளில் ஏறிய நீங்கள் தாளைப் பார்த்ததும் இறங்கிவிட்டீர்கள்.

"இந்த ஆக்கள் வள்ளக்காரர், தங்கச்சி. வள்ளம் கரையில கிடக்கு. இப்பதான் கண்டுட்டு வாறன்."

ஓடிப்போய்க் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்; 14 என்று ஒன்றுதான் இருந்தது. "ஐயோ நானா, மற்ற ஆக்களை நான் அழிச்சுப்போட்டன். திரும்ப எடுக்க ஏலாது."

நீங்கள் ஏசவில்லை. கண்ணை மூடினீர்கள். நான்கு பெயர், நான்கு வீடு, வாசல் படலை எந்தப் பக்கம் என்பது வரை சொன்னீர்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அந்தத் தலைக்குள்! அம்மாடி, கணினியைக் கண்டுகூட நான் அப்படி வாய் பிளந்ததில்லை.

"நீங்கள் அந்த வள்ளத்தைக் காணாட்டி?" என்று கேட்டேன்.

"புருசன் வீட்டுல இருக்க ஒருத்தி குழறி அழுதிருப்பா. மற்றவ கடலுக்குப் போன புருசனுக்குச் சோறாக்கி வைச்சிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பா."

மறுநாள் பின்னேரம், இயந்திரம் பழுதாகிக் கிடந்த படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். இறங்க இறங்க ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். மூன்று பெயர் வந்தது. நான்காமவர் காலை எடுத்து வைக்கையில் நீங்கள் என் பக்கம் திரும்பித் தலையசைத்தீர்கள். அந்தப் பெயரை நான்தான் கூப்பிட்டேன்.

என்னை யாரென்றே அறியாத அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, "ஓம் பிள்ளை" என்றார். நால்வரின் பெயரும் எனக்கு இன்றும் பாடம், நானா.