மெல்ல வலிக்கச் சொன்ன மச்சாளுக்கு

என் வதனி மச்சாள்,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ சொன்னதுதான் சரி. நீ இருந்தபோது ஒருநாளும் இதை உன்னிடம் நான் ஒத்துக்கொண்டதில்லை.

இருவர் வலிக்கும் கயாக் படகில் நீ முன்னால், நான் பின்னால். ஐந்து வருடமாக உள்துறைமுகத்தில் உன் முதுகைப் பார்த்தபடியேதான் துடுப்பு வலித்தேன். கிழமையில் நாலு நாள் கதைத்துக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் போவோம், இரண்டு நாள் மட்டும் முழு மூச்சாக வலிப்போம் என்று எங்கேயோ வாசித்துவிட்டு வந்து கேட்டாய். உனக்குப் பஞ்சி, உடம்பு வளைக்க மனமில்லை என்று சிரித்தேன். மூச்சு முட்டாமல் கரையேறினால் அது எனக்குப் பயிற்சியே இல்லை.

எல்லா நாளும் அரைக் களைப்போடு வலித்ததால், உண்மையாக வலிக்கவேண்டிய நாளில் எங்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. தேசிய அணித் தெரிவுப் போட்டியில் கடைசி நூறு மீற்றரில் இரண்டு படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. திரும்பி வந்த பஸ்ஸில் நீ ஒரு குற்றமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம் தந்தது.

அடுத்த வியாழக்கிழமை உன் ஊர் சல்லியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கும்போதே உன் கண்கள் சிவந்திருந்தன.

"மச்சாள், உடம்பு அனலாக் கிடக்கு. இண்டைக்கு மெல்லமாப் போவமே?"

"தோத்துப்போட்டு வந்தும் உனக்கு மெல்லமோ?" என்றேன்.

நீ படகில் ஏறினாய். ஆறு தடவை முழு வேகத்தில் வலித்தோம். கடைசித் தடவை உன் துடுப்பு நடுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னும் சத்தமாக எண்ணினேன். ஐந்தாம் நாள் ஆசுபத்திரியில் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அன்று வலித்ததால்தானா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல ஏலாது என்றார். அப்படியில்லை என்றும் அவர் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாமி எனக்குச் சோறு போட்டுத் தருகிறார், 'நீயாவது என்ர பிள்ளையோட கடைசிவரைக்கும் இருந்தாய்' என்கிறார். அந்தச் சோற்றை எப்படி விழுங்குகிறேன் என்று உனக்குத் தெரியுமா?

இப்போது கிண்ணியாவிலிருந்து வரும் பர்ஹானாவோடு வலிக்கிறேன். உன் கொப்பியில் நீ எழுதிவைத்த அட்டவணைதான். நாலு நாள் மெல்ல, இரண்டு நாள் முழு மூச்சு. முதல் மாதம் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பிறகு கடைசி நூறு மீற்றரில் கைக்குள் பலம் மிச்சமிருக்கத் தொடங்கியது. போன மாதத் தெரிவில் இரண்டாவதாக வந்தோம், அணியில் எடுத்துவிட்டார்கள். கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் படகை விட்டு இறங்காமல் கனநேரம் இருந்தேன்.

கடினமான நாட்களில் எனக்கு ஒன்றுமில்லை மச்சாள், யோசிக்கவே நேரமிராது. மெல்லப் போகும் நாட்கள்தான் ஏலாமல் இருக்கின்றன. கதைக்க மூச்சு இருக்கிறது. கதைதான் வருவதில்லை. நீ கேட்டபடி போயிருந்தால் நாங்கள் இருவரும் எவ்வளவு கதைத்திருப்போம்?

போன கிழமை பர்ஹானா தலையிடிக்குது என்றாள். படகைத் தண்ணீரில் இறக்கவேயில்லை, அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அது அன்று உனக்குச் செய்திருக்கவேண்டியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் போய் அந்த வியாழக்கிழமையை முழுதாகச் சொல்லுவேன். நீ கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். அதற்குப் பிறகு அவர் என்னை வீட்டுக்குள் எடுக்காமல் விடலாம். எடுக்காவிட்டாலும் சொல்லுவேன்.

உன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்த மச்சாள்,
சுகந்தி