அமுங்கி எழும் ஒலி

சியோல்
மார்ச் 9, 2003

அன்புத் தம்பி கிபேக்குக்கு,

உன் அண்ணன் மான்சு எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை, என் மனைவி சந்தைக்குப் போயிருக்கிறாள்.

எழுபத்தொரு வயதில் எழுத்து கற்றுக்கொண்டேன் தம்பி. எங்கள் வட்டார நலச் சங்கத்தில் முதியோருக்கு வகுப்பு நடக்கிறது. பேருந்தில் போகும்போது கடைப் பெயர்களையெல்லாம் சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்கப் படைமுகாமை ஒட்டிய டோங்டுச்சோனில் நீ நம் இசைக்குழுவில் கிட்டார் வாசித்த காலத்தில் உன் ஆம்ப்ளிஃபையரைத் தோளில் சுமந்து திரிந்தவன் உனக்குக் கடிதம் எழுதுவான் என்று நினைத்திருப்பாயா?

விஷயத்துக்கு வருகிறேன். பழைய பொருள் சந்தையில் உன்னுடையதைப் போலவே ஒரு ஆம்ப்ளிஃபையர் கிடைத்தது. அதே அமெரிக்க வால்வுப் பெட்டி, முகப்பில் அதே பழுப்புத் துணி. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாததால் உன் பெட்டியின் குமிழ்களைக் கடிகார முள்ளைப் போல மனதில் வைத்திருந்தேன். முதல் குமிழ் பத்து மணி, அடுத்தது இரண்டு மணி, கடைசி ஏழு மணி. அப்படியே திருப்பி வைத்து, இரவல் கிட்டார் ஒன்றைச் செருகித் தட்டிப் பார்த்தேன். உன் சத்தம் வரவில்லை.

நீ தந்தியைத் தொட்டால் சத்தம் ஒரு கணம் அமுங்கும். பிறகு தண்ணீருக்குள் அழுத்திய பந்து கையை விட்டு நழுவி மேலே வருவதுபோல வரும். லக்கி மூன் கிளப்பில் கதவோரம் நின்று கேட்பேனே, அது. நாம் எதையும் பதிவு செய்யவில்லை. உன் காதையும் என் காதையும் விட்டால் அது வேறெங்கும் இல்லை. என் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. முழுதும் அடைபடுவதற்குள் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

எந்த வால்வு போட்டிருந்தாய்? எந்தத் தந்தி? உடனே எழுது. என்னால் உட்கார முடியவில்லை.

உன் அண்ணன்
தாக் மான்சு

---

சோகுவிபோ, ஜெஜு தீவு
மார்ச் 27

மான்சு அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. யாரையாவது வைத்து எழுதினீர்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குவதைப் பார்த்தபின் நம்பினேன். எழுத்து கற்றதில் எனக்கும் சந்தோஷம். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வால்வின் பெயர் நினைவில்லை. தந்தியும் நினைவில்லை. இங்கே ஆரஞ்சுத் தோப்புக்கு மருந்தடிக்கும் காலம். கிட்டாரைத் தொட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெட்டியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அண்ணியை எங்காவது வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போங்கள்.

கிபேக்

---

சியோல்
ஏப்ரல் 20

தம்பி கிபேக்,

உன் கடிதம் முழுவதையும் நானே படித்தேன். எனக்கு வந்த முதல் கடிதம் இது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் உன் யோசனையைக் கேட்கப் போவதில்லை.

சேஉன் வணிக வளாகத்தில் பியோன் என்று ஒரு அம்மா கடை வைத்திருக்கிறார். வால்வுப் பெட்டிகளைச் சரிசெய்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் கடைக்கு என் கால்கள் தாமாகவே போகின்றன. ஸ்பீக்கரை மாற்றினோம். வால்வுகளை மாற்றினோம், அப்புறம் பழையதையே திரும்பப் போட்டோம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தேன், நாற்காலிமேல் ஏற்றி வைத்தேன். மேல் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

மின்சாரத்திலும் குறை வைக்கவில்லை. இப்போதைய இருநூற்று இருபது வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அமெரிக்கப் பெட்டி புகைந்துவிடும். அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் பிசகாமல் கொடுக்கும் நல்ல குறைப்புப் பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். ஆனாலும் சத்தம் விறைப்பாக, பளிச்சென்று வருகிறது. சலவைக்கடைச் சட்டை மாதிரி.

பியோன் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, ஆம்ப்ளிஃபையர ரிப்பேர் பண்ணலாம். உங்க ஞாபகத்த ரிப்பேர் பண்ண என்கிட்ட பார்ட்ஸ் இல்ல."

"ஞாபகம் சரியாத்தான் இருக்கு. நீ பெட்டியப் பாரு."

"அந்த மனுஷன் அப்படியெல்லாம் வாசிச்சாரா, இல்ல நீங்க அன்னிக்கு சோஜு ஜாஸ்தி போட்டீங்களா?"

"நான் லோடு தூக்கறவன். குடிச்சா பெட்டி யார் கால்ல விழறது?"

சிரித்துவிட்டார். சிரித்தாலும் அவர் கேட்டது மனதில் அரிக்கிறது. அந்தச் சத்தம் இருந்தது என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். தூங்கிவிடுவேன்.

அவசரத்தில்,
மான்சு

---

சோகுவிபோ
மே 15

அண்ணே,

நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரிகிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முகாமுக்குள் அமெரிக்கர்கள் நடத்திய தேர்வு ஞாபகம் இருக்கிறதா? நம் குழு முதன்முதலாக முகாம் வாசலைத் தாண்டி உள்ளே போனது அன்றுதான். தேறியிருந்தால் உள்ளே இருந்த கிளப்புகளில் எல்லாம் வாசித்திருக்கலாம். ஊரில் ஊதித் தள்ளிய அதே பாட்டைத்தான் வாசித்தேன். முதல் சுரத்திலேயே கை தடுமாறியது. ஒவ்வொரு சுரமும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. டிரம்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். லாரியில் திரும்பும்போது டிரம்ஸ்காரன், "என்னடா கிபேக்கு, உன் விரலுக்கு இன்னிக்கு லீவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த மாதமே குழு கலைந்தது. என் கையை நானே நம்பாதபோது கிட்டார் எதற்கு? விற்றுவிட்டேன். நீங்கள் தேடும் சத்தம் என் கையில் இருந்திருந்தால், தேவைப்பட்ட நாளில் அது எங்கே போனது? அது இருந்ததே இல்லை அண்ணே. கூட்டமும் புகையும் இருந்தன. இன்னொரு தடவை இதைப் பற்றி எழுதினால் பதில் வராது.

கிபேக்

---

சியோல்
ஜூன் 22

தம்பி,

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. எழுதியே ஆக வேண்டும். அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முந்தாநாள் பெட்டியில் ஒரு பழைய பாகம் போய்விட்டது. பியோன் அம்மா புதிதாகப் போட்டார். புதுப் பாகம் போட்டால் எடுத்தவுடன் முழு மின்சாரம் கொடுக்கமாட்டாராம். டயல் வைத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். இதுவரை நான் போகும்முன் இந்த வேலை முடிந்திருக்கும். அன்று சீக்கிரமே போய்விட்டதால் பக்கத்தில் நின்று பார்த்தேன். டயல் பாதியைத் தாண்டியிருந்தது. சும்மா சோதித்துப் பார்க்கக் கிட்டாரை ஒரு தட்டு தட்டினார்.

அமுங்கியது. எழுந்தது.

"நிறுத்து! அங்கயே நிறுத்து! தொடாத!" என்று கத்தினேன்.

"ஐயோ, என்னாச்சு? ஷாக் அடிச்சிடுச்சா?"

"இதான்! இதேதான்!"

"பெரியவரே, இது நூறுகூட இல்ல. பெட்டி அரைப் பட்டினியில கிடக்கு. இதுக்கு நூத்திப் பதினேழு வேணும்."

"அந்தக் காலத்துல டோங்டுச்சோன்ல கரன்ட் எவ்ளோ இருந்திருக்கும்?"

அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம ஊர் லைன் அப்ப வெறும் நூறு. சாயங்காலம் எல்லாரும் விளக்குப் போட்டா அதுவும் இறங்கிடும். பல்பு மஞ்சளாத்தான் எரியும்."

எரிந்தது தம்பி! லக்கி மூனில் பல்பு அழுகிய பேரிக்காய் நிறத்தில் எரியுமே!

பிறகுதான் எனக்கு உறைத்தது. "முகாமுக்குள்ள?" என்று கேட்டேன். "அது அவங்க சொந்த ஜெனரேட்டர். அவங்க ஊர்ல எப்படியோ அப்படி, முழுசா வரும்" என்றார்.

கிபேக், உன் கை அந்த அமுங்கலுக்குப் பழகியிருந்தது. தொட்டுவிட்டு, சுரம் எழும்வரை ஒரு கணம் காத்திருக்கும் கை அது. அன்று முகாமுக்குள் பெட்டிக்கு முழு மின்சாரம் கிடைத்தது. சுரம் காத்திருக்கவில்லை. உனக்கு முன்னால் போய் நின்றது என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் விரலுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை தம்பி. பெட்டியை நான்தான் செருகினேன். எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும்?

சந்தோஷத்தில் பியோன் அம்மாவுக்குக் குளிர்ந்த நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அதில் கலக்கும் கடுகுச் சாந்து அதிகமாகிவிட்டது, இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

உன்
மான்சு

---

சோகுவிபோ
ஜூலை 10

அண்ணே,

நல்ல செய்தி சொல்வதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று தோற்றது என் கை இல்லை, மின்சாரம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் லக்கி மூனில் ஜெயித்ததும் மின்சாரம்தானே? கைதட்டியதெல்லாம் மங்கலாக எரிந்த பல்புக்குத்தானா? இத்தனை வருஷமும் கொஞ்ச காலமாவது நன்றாக வாசித்தேன் என்ற நினைப்பு ஒன்று என்னிடம் இருந்தது. தோல்வியைத் தூக்கிக்கொண்டு போக வந்தீர்கள். கூடவே அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

உங்களுக்கு உங்கள் சத்தம் கிடைத்துவிட்டது. கேட்டு மகிழுங்கள். என்னை விட்டுவிடுங்கள்.

கிபேக்

---

சியோல்
ஜூலை 19

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே எழுந்து நடக்க ஆரம்பித்தேன். நடந்து நடந்து சொங்கியேச்சோனில் மேம்பாலத்தை இடிக்கும் இடம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்று யோசித்தேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. அதனால் சோதித்துப் பார்த்தேன்.

பியோன் அம்மாவின் மைத்துனர் திருமண மண்டபங்களில் கிட்டார் வாசிப்பவர். நல்ல கைக்காரர். அதே பெட்டி, அதே டயல், அதே கடிகார முள். லக்கி மூனில் வாசித்த பாட்டை முனகிக் காட்டினேன். அவர் வாசித்தார். மென்மையாக இருந்தது. அவ்வளவுதான். அமுங்குகிறது, எழுகிறது. ஆனால் எழுவதற்கு முன்னால் நீ விடும் அந்த இடம் வரவில்லை. அவர் காத்திருக்காமல் அடுத்த சுரத்துக்குப் போய்விடுகிறார்.

"அவசரப்படாதீங்க" என்று சொன்னேன்.

"எவ்ளோ நேரம் நிக்கணும்?" என்று கேட்டார்.

மறுபடியும் முனகிக் காட்டினேன், அப்போதும் வரவில்லை. பியோன் அம்மா வாசித்தார். யாரும் கடையில் இல்லாத நேரத்தில் நானும் ஒரு தட்டு தட்டினேன், வெட்கமாகத்தான் இருந்தது. எதிலும் நீ இல்லை.

போன மாதம் கத்தினேனே, அது சத்தம் கிடைத்ததால் இல்லை தம்பி. அது நீ உட்காரும் நாற்காலி. அதைப் பார்த்ததும் நீயே வந்துவிட்டதாக நினைத்துவிட்டேன். இப்போது அது காலியாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். முன்பைவிட மோசமாக இருக்கிறது.

வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கூப்பிடுகிறேன். வா.

மான்சு

---

சியோல்
ஆகஸ்ட் 31

தம்பி,

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே, "இன்னிக்கு இல்ல தாத்தா" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறார். நலமா என்று மட்டும் எழுது. வேறு எதையும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபையர்மேல் என் மனைவி பூத்தொட்டி வைத்துவிட்டாள். நானும் எடுக்கவில்லை.

மான்சு

---

சோகுவிபோ
செப்டம்பர் 28

அண்ணே,

புயலில் தோப்பில் பாதிக் காய் உதிர்ந்துவிட்டது. அதனால் எழுத முடியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் காரணம் அது இல்லை.

ஜூலைக் கடைசியில் ஜெஜு நகரத்துக்குப் போய் ஒரு கிட்டார் வாங்கினேன். மருந்து வைக்கும் கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன். முதல் வாரம் கத்துக்குட்டியைவிடக் கேவலமாக இருந்தது. விரல் நுனியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. என் மகள் கட்டுப்போட்டுக்கொண்டே, "என்னப்பா, கத்தரிக்கோல் பட்டுச்சா?" என்றாள்.

"கிட்டார்."

"யாரோட கிட்டார்?"

"என்னோடதுதான்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றாள். பதிலாக ஒரு பாட்டை வாசித்தேன். கேட்டுக்கொண்டு நின்றாள், அடுப்பில் வைத்திருந்த குழம்பு தீய்ந்துபோனது.

இன்னும் தோல் காய்க்கவில்லை. காய்த்ததும் விமானம் ஏறுகிறேன். பியோன் அம்மாவிடம் சொல்லி அந்த டிரான்ஸ்ஃபார்மரை இரவல் வாங்கி வையுங்கள். உங்களுக்குப் பிடித்த சத்தத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கிறேன்.

ஆனால் முதலில் டயலை முழுதாகத் திருப்பி வையுங்கள், முகாமில் இருந்ததுபோல. அந்தப் பாட்டை நான் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

தம்பி
நோ கிபேக்